வீட்டுக்குள் வந்த கடை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சம்பளம் போட்ட மறுநாள் மாலை. லயத்து வாசலில் மிதிவண்டி மணி ஒலிக்கும். வண்டியின் பின்னால் பெரிய துணி மூட்டை இருக்கும். "அக்கா, புதுச் சேலை வந்திருக்கு, தொட்டுப் பாருங்க" என்று வியாபாரி மூட்டையை அவிழ்ப்பார். நம் தாய்மார்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சாயம் போகுமா என்று ஓரத்தை நனைத்துப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். சேலை வெளுத்துப் போனால் அடுத்த மாதம் அதே வாசலில் அவரை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அவரும் அடுத்த மாதம் வந்தாக வேண்டும். அதனாலேயே பெரும்பாலும் நாணயமாக நடந்துகொண்டார்.

இன்னொரு காட்சியும் உண்டு. தோட்டக் கடையின் கணக்குப் புத்தகம். அரிசி, பருப்பு, மீன், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். எழுத்தறியாத பலர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். மாதக் கடைசியில் சம்பளத்தில் பாதி அந்தப் புத்தகத்திற்கே போய்விட்ட வீடுகள் எத்தனையோ.

இன்று மிதிவண்டி வியாபாரி வருவதில்லை. கடை வேறு வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறதல்லவா, அதன் வழியாக வந்துவிட்டது. ஆங்கிலத்தில் செட் டாப் பாக்ஸ் என்று சொல்லப்படும் அதனை இவ்வுரையில் 'பெட்டி' என்றே குறிப்பிடுவோம். அந்தப் பெட்டி வழியாகப் பொருளும் படமும் வாங்கும்போது நம் பணம் பாதுகாப்பாகப் போய்ச் சேருகிறதா, கேட்ட பொருள் கேட்டபடி நமக்கு வந்து சேருமா என்பதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

நேயர்களே, இந்தத் தலைப்பை நாங்கள் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

சில காலத்திற்கு முன்பு ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். கணவர் குலை வெட்டுபவர். மனைவி உரம் போடும் வேலைக்குப் போகிறவர். மகள் படிவம் ஆறு படிக்க விடுதியில் தங்கியிருந்தாள். அவள் மேற்படிப்புக்காக வங்கியில் 1,860 வெள்ளி சேர்த்து வைத்திருந்தார்கள். இரவுச் சந்தையில் ஒருவர், "எல்லா ஒளியலையும் இலவசம், ஆயுளுக்கும் கட்டணமே கிடையாது" என்று சொல்லி ஒரு பெட்டியை விற்றார். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் இரவு, பத்து வெள்ளி கட்டிப் புதுப்பிக்கும்படி திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. அட்டையின் பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கத்தைக் கேட்டது. கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணையும் கேட்டது. பத்து வெள்ளிதானே என்று கணவர் ரிமோட்டை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். விடிவதற்குள் சேமிப்புக் கணக்கு வெறுமையாகிவிட்டது.

"கைப்பேசியில வந்த செய்தியிலேயே, யாருக்கும் இந்த எண்ணைச் சொல்லாதேன்னு மலாய்ல எழுதியிருந்திச்சாம். பிள்ளை வீட்ல இருந்திருந்தா படிச்சிச் சொல்லியிருக்குங்க" என்றார் அந்தத் தாய்.

அதைவிட நம் மனத்தை வருத்தியது வேறொன்று. கணவர் நான்கு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம். அந்த நான்கு நாட்களில் என்ன செய்திருக்கலாம் என்பதை இவ்வுரையின் பிற்பகுதியில் காண்போம். இப்போது, இந்தப் பெட்டிக் கடை எங்கிருந்து வந்தது என்று சற்றுப் பார்ப்போம்.

வானொலியில் பேசுகிற எங்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. ஒளிபரப்பைப் பார்த்து வீட்டில் இருந்தபடியே பொருள் வாங்கும் இந்தப் பழக்கம் ஒரு சிறிய வானொலி நிலையத்தில்தான் முளைவிட்டது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், விளம்பரக் கட்டணம் செலுத்த முடியாத ஒரு வணிகர், பணத்துக்குப் பதிலாக 112 டின் திறப்பான்களை நிலையத்திடம் கொடுத்தார். அறிவிப்பாளர் அவற்றை வானொலியிலேயே கூவி விற்றார். எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அந்த வெற்றியே 1982இல் உள்ளூர்த் தொலைக்காட்சி விற்பனையாகவும், 1985இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒளிபரப்பாகும் விற்பனை நிலையமாகவும் வளர்ந்தது.

அதே 1977ஆம் ஆண்டு டிசம்பரில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கியூப் என்னும் கம்பிவடத் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டில் இருந்தவர்கள் கையில் உள்ள பொத்தானை அழுத்தித் திரையில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். தனிப் படத்துக்குத் தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். தொலைக்காட்சியோடு நாமும் பேசலாம் என்பதை மக்கள் கண்டுகொண்டது அங்கேதான். பிறகு 1999இல் பிரிட்டனில் ஓப்பன் என்னும் சேவை வந்தது. பெட்டியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, திரையிலேயே கடைகளைப் பார்த்துப் பொருள் வாங்கினார்கள்; வங்கிக் கணக்கையும் பார்த்தார்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு 1996இல் தொடங்கியது. அதன்பிறகு கூரையில் தட்டும் திரைக்குப் பக்கத்தில் பெட்டியும் தோட்டங்களிலும் சாதாரணமாகிவிட்டன. புதிய படத்தைத் தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஆஸ்ட்ரோ ஃபர்ஸ்ட் 2011இல் வந்தது. கொரிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து ஆஸ்ட்ரோ நடத்திய கோ ஷாப் என்னும் விற்பனை ஒளியலை 2015இல் தொடங்கி, 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. 2019இல் பழைய முறைத் தரை ஒளிபரப்பு நாடெங்கும் முற்றாக நிறுத்தப்பட்டபோது, பழைய தொலைக்காட்சி உள்ள வீடுகளுக்கு மைஃபிரீவியூ பெட்டி தேவைப்பட்டது. ஆக, பெட்டி இல்லாத வீடு அரிது என்ற நிலை வந்துவிட்டது.

இப்போது, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம். இது தெரிந்தால்தான் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

துணைக்கோளிலிருந்து வரும் அலை ஒருவழிப் பாதை. மழை வானத்திலிருந்து இறங்குவது போல அது நம் தட்டில் வந்து விழுகிறது. நாம் அதன் வழியாகத் திரும்பப் பேச முடியாது. படங்கள் எல்லார் வீட்டுத் தட்டிலும் விழுகின்றன. ஆனால் பூட்டப்பட்ட நிலையில் விழுகின்றன. பெட்டியில் செருகும் அட்டைக்குள் சாவி இருக்கிறது. நாம் ஒரு படத்தைக் கேட்டால், அந்தக் கேள்வி வேறு பாதையில் போக வேண்டும். தொலைபேசி, குறுஞ்செய்தி, இணையம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அந்தப் பாதை. நிறுவனம் நம் கணக்கைப் பார்த்து, "இந்த எண்ணுள்ள அட்டை மட்டும் இந்தப் படத்தைத் திறக்கலாம்" என்ற கட்டளையை வானத்தின் வழியே அனுப்புகிறது. நம் வீட்டில் படம் திறக்கிறது. பக்கத்து வீட்டில் திறப்பதில்லை.

இதில் ஒரு நன்மையைக் கவனியுங்கள். இந்த முறையில் நாம் பெட்டியில் வங்கி அட்டை எண்ணைத் தட்டுவதில்லை. நமக்கும் நிறுவனத்துக்கும் முன்பே கணக்கு இருக்கிறது. தொகை மாதக் கட்டணச் சீட்டில் ஏறுகிறது. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று நமக்குத் தெரியும். பழைய துணி வியாபாரியைப் போல, அந்த நிறுவனமும் அடுத்த மாதம் நம்மிடம் வந்தாக வேண்டும்.

புதுவகைப் பெட்டிகள் அப்படியல்ல. அவை இணையத்தோடு இணைந்தவை. உண்மையில் அவை சிறிய கணினிகள். அவற்றில் பல செயலிகளை ஏற்றலாம். ஒவ்வொரு செயலியும் ஒரு கடை. முன்பு பெட்டிக்கு ஒரு வாசல், ஒரு காவலாளி. இப்போது நூறு வாசல். சில வாசல்களில் காவலாளியே இல்லை.

அப்படியானால் இணையத்தின் வழியாக நம் அட்டை எண் போகும்போது வழியில் யாரும் திருட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு அறிஞர்கள் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஒரு கடைக்காரர் திறந்த பூட்டுகளை ஊரெங்கும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவி அவரிடம் மட்டுமே உண்டு. நீங்கள் உங்கள் இரகசியத்தை ஒரு பெட்டியில் வைத்து, அவர் தந்த பூட்டை அழுத்தி மூடி அனுப்புகிறீர்கள். மூடியபிறகு உங்களாலேயே அதைத் திறக்க முடியாது. வழியில் எடுத்தவனாலும் முடியாது. கடைக்காரர் மட்டுமே திறப்பார். இந்த எண்ணத்தை 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் அதற்கு ஒரு கணக்கு முறையை வகுத்தனர். 53ஐ 61ஆல் பெருக்குங்கள் என்றால் தாளும் பென்சிலும் இருந்தால் போதும், விடை 3,233. ஆனால் 3,233 எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் நெடுநேரம் தேட வேண்டும். அறுநூறு இலக்கத்துக்கும் மேற்பட்ட எண் என்றால் இன்றைய கணினிகளும் திணறும். அந்தத் திணறலே நமக்குக் காவல். இணைய முகவரிக்குப் பக்கத்தில் சிறிய பூட்டுப் படம் தெரிந்தால், நீங்கள் அனுப்புவது பூட்டிய பெட்டியில் போகிறது என்று பொருள்.

ஆனால், நேயர்களே, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பூட்டு காப்பது வழியை மட்டுமே. வழியின் முடிவில் இருக்கும் கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதை அது சொல்லாது. திருடனும் தன் கடைக்குப் பூட்டு வாங்கி மாட்டலாம். நீங்கள் பூட்டி அனுப்பிய பெட்டி வழியில் எந்த ஆபத்தும் இல்லாமல் திருடன் கைக்கே போய்ச் சேரும்.

ஆகவே பாதுகாப்பு வேறு, நம்பகம் வேறு. 'வழியில் கள்ளன் உண்டா?' என்பது ஒரு கேள்வி. 'கடைக்காரர் நாணயமானவரா?' என்பது மற்றொரு கேள்வி. இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்தால்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. 'நம் பெட்டியே நம் பக்கம் இருக்கிறதா?' முன்பு நாம் சொன்ன இரவுச் சந்தைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். இத்தகைய மலிவுப் பெட்டிகள் சிலவற்றில், விற்பனைக்கு வருவதற்கு முன்பே தீய நிரல்கள் புகுத்தப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட இந்தக் கூட்டு மோசடியைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் கூகல் நிறுவனம் தொடுத்த வழக்கில், இப்படிக் கெட்டுப்போன கருவிகள் ஒரு கோடிக்கும் மேல் என்று கூறப்பட்டது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திருடனை உள்ளே படுக்க வைத்தால் என்ன பயன்?

நம் நாட்டுச் சட்டமும் இதில் கடுமையானது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. திருட்டு ஒளிபரப்புக்கான கருவியை விற்பவருக்கு 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இருபது ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "எல்லாம் இலவசம்" என்று ஒருவர் பெட்டி விற்றால், அவர் தரும் சரக்கு அவருடையதல்ல என்பதை முதலில் உணருங்கள். பிறர் பொருளை நமக்கு மலிவாக விற்பவர் நம் பொருளையும் பிறருக்கு விற்கத் தயங்குவாரா? பெட்டி வாங்கும்போது அதில் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

இனி, ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நாம் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பெட்டியின் இரகசிய எண். கடையிலிருந்து வரும்போது பல பெட்டிகளில் இந்த எண் நான்கு சைபராகவோ ஒன்று இரண்டு மூன்று நான்காகவோ இருக்கும். அதை இன்றே மாற்றுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அழுத்துகிற ஒவ்வோர் அழுத்தமும் மாதக் கடைசியில் கட்டணமாக வந்து நிற்கும். பிள்ளையை அடிப்பதால் அந்தப் பணம் திரும்பி வராது. எண்ணைப் பெரியவர்கள் மட்டும் அறிந்திருந்தால் அந்தச் சிக்கலே எழாது.

இரண்டாவது, அட்டை எண்ணைப் பெட்டியில் சேமித்து வைக்காதீர்கள். "அடுத்த முறைக்காக நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்றே அழுத்துங்கள். பெட்டி நினைவில் வைத்துக்கொண்டதை அதைத் திருட வருபவனும் தெரிந்துகொள்வான்.

மூன்றாவது, சேமிப்பு ஒரு கணக்கிலும் செலவு வேறொரு கணக்கிலும் இருக்கட்டும். பொருள் வாங்குவதற்கென்று ஒரு சிறு கணக்கு வைத்து, வாங்கும் அன்று தேவையான தொகையை மட்டும் அதில் போடுங்கள். திருவிழாக் கூட்டத்துக்குப் போகும்போது வீட்டுப் பணம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டா போகிறோம்? பிள்ளையின் படிப்புப் பணம் இருக்கும் கணக்கின் அட்டை, திரைக்கு முன்னால் வரவே கூடாது.

நான்காவது, விற்பவர் யார் என்று கேளுங்கள். இணைய வணிகத்துக்கென 2012இல் நம் நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன; 2024இல் அவை புதுப்பிக்கப்பட்டன. விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு முகவரி, பொருளின் தன்மை, அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை, பொருள் வந்து சேரும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். இவற்றில் எதையாவது மறைத்தால் அந்தக் கடை நமக்கு வேண்டாம். தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அந்தக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். அதன்மேல் முன்பே புகார் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். புகார் இல்லை என்பதாலேயே அது நல்ல கணக்கு என்று முடிவு செய்துவிடவும் கூடாது. புதுத் திருடன் பெயர் பழைய பட்டியலில் இருக்காது.

ஐந்தாவது, கணக்குப் போடுங்கள். "மாதம் 39 வெள்ளிதான்" என்று திரையில் ஓர் அம்மையார் சிரித்துக்கொண்டு சொல்வார். இருபத்து நான்கு மாதம் என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். 39ஐ 24ஆல் பெருக்கினால் 936 வெள்ளி. அதே பொருள் பட்டணத்துக் கடையில் 650 வெள்ளிக்குக் கிடைத்தால், நாம் கொடுக்கும் கூடுதல் 286 வெள்ளி. அது எத்தனை நாள் கூலி என்று எண்ணிப் பாருங்கள். "இன்னும் பத்து நிமிடத்தில் விலை ஏறிவிடும்" என்று கடிகாரம் ஓடினால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். நம்மை யோசிக்க விடாமல் அவசரப்படுத்தும் கடை நல்ல கடையாக இருக்க முடியாது.

ஆறாவது, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண். இது நம் கைநாட்டு என்பதை மறவாதீர்கள். எந்த வங்கி அதிகாரியும், எந்தக் காவல் அதிகாரியும், பொருள் கொண்டு வரும் எந்தப் பையனும் அதைக் கேட்க உரிமை இல்லை. குறுஞ்செய்தியில் இந்த எண்ணை அனுப்பும் முறையைக் கைவிடும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. வங்கியின் சொந்தச் செயலியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தும் முறை அதன் இடத்துக்கு வந்தது. முறை மாறினாலும் பொருள் ஒன்றுதான். அந்தச் செய்தியில் எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்கும். பத்து வெள்ளி என்று திரை சொல்லும்போது, கைப்பேசியில் ஆயிரம் என்று இருந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால் புரிந்தவர் வரும்வரை காத்திருங்கள். பிள்ளையிடம் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏழாவது, சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கும்போது திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பொருளின் பெயர், விலை, நாள், விற்பவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முன்பு கணக்குப் புத்தகம் கடைக்காரரிடம் இருந்தது. இப்போது அது நம் வீட்டில் இருக்கட்டும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கென்றே இன்னொரு செய்தி. நம் லயத்து வீடுகளுக்குச் சரியான தெரு எண் இருப்பதில்லை. பொருள் பல நேரம் தோட்ட அலுவலகத்திலோ காவல் கொட்டகையிலோ இறக்கப்படுகிறது. யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்று கேட்டு அறியுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒருவர் பிரிக்க, ஒருவர் கைப்பேசியில் படம் பிடியுங்கள். உள்ளே செங்கல் இருந்தாலும் உடைந்த பொருள் இருந்தாலும் அந்தப் படமே சாட்சி. வீட்டில் யாரும் கேட்காத பொருள், "பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வந்தால், தோட்டத்தில் வேலையாக இருப்பவரைக் கேட்டறியும் வரை பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "பேரன்தான் வாங்கியிருப்பான்" என்று நினைத்து அவர் சுருக்குப் பையை அவிழ்த்துவிடுவார்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பொருள் பழுதாக வந்தால் என்ன செய்வது?

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை. மின்னியல் வணிகமும் அதற்குள் அடங்கும் என்று 2007இல் திருத்தம் செய்யப்பட்டது. முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். விற்பனை ஒளியலையே மூடப்பட்டுவிட்டாலும் மனம் தளர வேண்டாம். சட்டப்படி உற்பத்தியாளருக்கும் பொறுப்பு உண்டு. தீர்வு கிடைக்காவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம். மனு செய்யக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்கைக் கேட்கும் அதிகாரம் 2019 முதல் அந்த மன்றத்துக்கு உண்டு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, நாமே பேசலாம். சிக்கல் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். கறி வாங்கும் காசில் ஒரு பகுதி போதும் நியாயம் கேட்பதற்கு. ஆனால் அங்கே கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. நாம் சொன்ன நோட்டுப் புத்தகமும் படங்களும் அங்கேதான் பேசும்.

பணமே பறிபோய்விட்டால்? இங்கே நிமிடங்கள் முக்கியம். திருடிய பணம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று ஓடுகிறது. ஓடும்போதுதான் அதை மறிக்க முடியும். உடனே வங்கியின் அவசர எண்ணை அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. அந்த எண்ணை அழையுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். 997 என்ற எண்ணை இன்றிரவே ஒரு தாளில் பெரிதாக எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டுகிறோம். பக்கத்தில் வங்கியின் எண்ணும் இருக்கட்டும். ஆபத்து வந்தபிறகு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இப்போது அந்தக் குலைவெட்டும் தொழிலாளியிடம் திரும்புவோம். அவர் அன்றிரவே மனைவியை எழுப்பிச் சொல்லியிருந்தால், ஒருவேளை பணத்தில் ஒரு பகுதியாவது நின்றிருக்கும். நான்கு நாட்களில் அது எங்கெங்கோ போய்விட்டது. "எங்கிட்ட அவர் சொல்லாம இருந்ததுதான் எனக்கு வலிச்சது. சொல்லியிருந்தா நான் என்ன, அடிச்சிடவா போறேன்?" என்று அந்தத் தாய் சொன்னார். கணவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். "என்னைப் போல ஆளுங்க நிறைய பேர் இருப்பாங்க. வானொலியில சொல்லுங்க" என்று கடைசியில் அவரே எங்களிடம் கேட்டுக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லாமல் அவர் கேட்டதை இன்று நிறைவேற்றியிருக்கிறோம்.

நேயர்களே, ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். ஏமாற்றியவனே குற்றவாளி. படித்தவர்களும் பட்டணத்தில் இருப்பவர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டால், "ஏன் செய்தாய்?" என்று கேட்பதற்கு முன் "எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். திட்டுவதற்குப் பிறகு நேரம் கிடைக்கும். தொலைபேசியை எடுப்பதற்கு அந்த நேரம் மட்டுமே உண்டு. வீட்டார் திட்ட மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் தவறு செய்தவர் அன்றே வாய் திறப்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பட்டணத்துக்குப் பேருந்து பிடித்துப் போய் ஒரு நாள் கூலியை இழப்பதைவிட, வீட்டிலிருந்தே நல்ல கடையில் வாங்குவது பல நேரம் நமக்கு நன்மையே. நம் பிள்ளைகளின் புத்தகம்கூட இந்த வழியில் வரும். சாலை இருந்தால் விபத்தும் இருக்கும். அதற்காக நாம் நடக்காமல் இருப்பதில்லை, இருபுறமும் பார்த்துக் கடக்கிறோம்.

அன்று நம் பாட்டன்மார் படிக்கத் தெரியாத கணக்கில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று ரிமோட்டில் 'சரி' என்ற பொத்தானை அழுத்துவதும் ஒரு கைநாட்டுதான். நமக்குப் படிக்கத் தெரியும்; நமக்குத் தெரியாவிட்டால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். படித்த பிறகே அழுத்துவோம். நம் உழைப்பின் பயன் நம் வீட்டிலேயே தங்கட்டும்.

மீண்டும் மற்றோர் உரையில் சந்திப்போம். வணக்கம்.